பிணவறையின் பேரேடு: சாவின் உழைப்பும் சாதியின் வரலாறும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) பெயரால் நிகழும் இந்தப் பேருரைக்குப் பிணவறையைப் பொருளாக எடுத்திருக்கிறோம். ஏன் இந்தப் பொருள் என்று சிலர் கேட்கக்கூடும். பண்டிதரை இதழாளராகவும் பௌத்தராகவும் வரலாற்றை மறுவாசிப்புச் செய்தவராகவும் நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர் தொழிலால் சித்த மருத்துவர் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். 1881 குடிமதிப்பின்போது நம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதியக் கோரியவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர், மனித உடலைத் தொட்டு நோய் பார்த்தவரும்கூட. ஒரு மனிதரை எந்தப் பெயரால் எழுதுகிறோம், எந்த உடலை யார் தொடுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் அவருக்கு உரியவை. இரண்டும் இன்று ஒன்றாகச் சந்திக்கும் இடம் அரசு மருத்துவமனையின் பின்கோடியில் இருக்கிறது. மக்கள் அதை மார்ச்சுவரி என்கிறார்கள். பழைய அரசுக் காகிதங்கள் சவக்கிடங்கு என்கின்றன.

அந்த இடம் அன்றாடம் எப்படி நடக்கிறது, யார் நடத்துகிறார்கள், யாருடைய கையெழுத்து இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பதே இந்த உரையின் கேள்வி. நிர்வாகச் செய்தி போலத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் சாதியின் நெடிய வரலாறு ஒளிந்திருக்கிறது. நம் பிள்ளைகள் கொல்லப்படும்போது நீதி தொடங்குவதும் சாவதும் அந்த அறையில்தான்.

கால் பணமும் முழத்துண்டும்

பிணவறை வருவதற்கு முன்பே சாவின் வேலை நம் தலையில் கட்டப்பட்டிருந்தது. சாவுச் செய்தி சொல்ல, பறையடிக்க, குழி வெட்ட, சிதை அடுக்க, எரியும் பிணத்தைப் புரட்டிவிட எனத் தமிழக ஊர்கள் ஒவ்வொன்றிலும் இதற்கென்று குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன. வெட்டியான் என்ற பெயர் வேலையின் பெயராகவும் மனிதரின் பெயராகவும் ஆனது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல். குழி வெட்டுவதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. வெட்டி உழைப்பால் வந்த பெயர் என்பாரும் உண்டு. இரண்டுமே நம் பாட்டன்மாரின் வாழ்க்கைக்குப் பொருந்தும்.

இந்த வேலைக்குக் கொடுத்தது கூலி என்ற பெயரில் வரவில்லை. வாய்க்கரிசி, கால் பணம், முழத்துண்டு என்று அது சடங்கின் பகுதியாக வந்தது. கூலி என்றால் பேரம் பேசலாம், போதாது என்று நிறுத்தலாம். சடங்கு என்றால் வாயைத் திறக்க முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஊர் ஒரு கதையையும் கட்டி வைத்தது. தெருக்கூத்திலும் நாடக மேடையிலும் அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம் விடிய விடிய நடக்கும். அரசன் சுடலை காத்து, தன் பிள்ளையின் பிணத்துக்கே கால் பணமும் முழத்துண்டும் கேட்கும் இடத்தில் ஊரே அழும். அரசன் சில காலம் சுடலை காத்ததற்கு அழுத ஊர், தலைமுறை தலைமுறையாகச் சுடலை காத்தவனுக்காக அழவில்லை. அவனுக்கு அது விதி, அரசனுக்கு அது சோதனை. இன்றும் பல ஊர்ச் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் பெயரில் ஒரு மேடையோ கல்லோ நிற்கிறது. பாடை அங்கே இறங்காமல் உள்ளே போகாது. பண்டிதர் 'அரிச்சந்திரன் பொய்கள்' என்ற தலைப்பிலேயே எழுதினார் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறோம். பொய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மராட்டியத்திலும் இதே நிலைதான். சாவுச் செய்தி கொண்டுபோவதும் செத்த மாட்டை அகற்றுவதும் மகர்களின் பரம்பரைக் கடமையாக இருந்தன. 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிகள் சட்டம் அந்த ஏற்பாட்டுக்கு அரசின் முத்திரையைக் குத்தியது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் அந்தச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். துண்டு நிலமும் தானியப் படியும் கொடுத்து ஒரு மக்கள் கூட்டத்தையே ஊரின் ஏவலுக்குக் கட்டிவைக்கும் முறை உடைய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இழிவான வேலை என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. அந்த வேலையிலிருந்து வெளியேற முடியாதபடி அதைப் பிறப்போடு கட்டியதுதான் பிரச்சினை என்பதை அவர் சட்டத்தின் மொழியில் நிறுவினார்.

கத்தி யார் கையில்

1835இல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கி, 1850இல் கல்லூரியானது. மேற்கத்திய மருத்துவத்தைப் படிக்க உடலைத் திறந்து பார்த்தாக வேண்டும். சாதி இந்துவுக்குப் பிணத்தைத் தொடுவது தீட்டு. இந்த முடிச்சை அவிழ்த்தவராக வரலாறு மதுசூதன் குப்தாவைக் கொண்டாடுகிறது. வைத்தியர் சாதியில் பிறந்த அவர் 1836இல் கல்கத்தாவில் பிணத்தை அறுத்தார். அதற்காகக் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கியது என்றொரு கதையும் வழங்குகிறது. கல்லூரியில் அவருக்கு உருவப்படம் வைத்தார்கள். உடன் நின்ற மாணவர்கள் நால்வரின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன.

அவருடைய துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. நாம் கேட்பது வேறு. அந்த மேசைக்கு அந்த உடலைத் தூக்கி வந்தவர் யார்? கழுவியவர் யார்? அறுத்து முடித்த பின் மிச்சத்தைச் சேர்த்துக்கட்டிக் கொண்டுபோனவர் யார்? வரலாறு என்று நாம் படிப்பதில் அவர்களுக்குப் பெயர் இல்லை. மேல்சாதி மனிதர் ஒருமுறை பிணத்தைத் தொட்டால் அது மறுமலர்ச்சி. நம் மக்கள் நாள்தோறும் தொட்டால் அது குலத்தொழில்.

அறிவியல் வந்ததும் சாதி விலகும் என்று நம்பியவர்கள் உண்டு. நடந்தது ஒரு பங்கீடு. பார்ப்பதும் எழுதுவதும் கையெழுத்திடுவதும் மருத்துவருக்குப் போயின. தூக்குவது, கழுவுவது, மண்டையோட்டை அறுப்பது, தைப்பது, தரையைத் துடைப்பது ஆகியவை பழைய சாதிகளிடமே தங்கின. சுடுகாட்டின் வேலைப் பிரிவினை அப்படியே மருத்துவமனைக்குள் குடிவந்தது.

வங்கத்திலும் பீகாரிலும் இது மறைக்கப்படவே இல்லை. அங்கே சுடலை வேலை டோம் சாதியின் மேல் சுமத்தப்பட்டது. பிணவறைப் பணியாளருக்கும் அதே பெயர் வந்தது. டோம் என்பது சாதியின் பெயர், பதவியின் பெயரும் அதுவே. இதே மக்களில் ஒரு பிரிவினரான மகையா டோம்களைத்தான் காலனிய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரு கையால் குற்றவாளிச் சாதி என்று எழுதியவர்கள், மறு கையால் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் அறையின் வேலையை டோம் சாதியின் தலையில் வைத்தார்கள்.

இது பழங்கதை அன்று. 2021இல் கொல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆய்வக உதவியாளர் பணிக்கு ஆள் எடுத்தது. பதவிப் பெயரோடு டோம் என்ற சொல்லும் இருந்தது. 6 இடங்களுக்குச் சுமார் 8,000 விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பித்தவர்களில் பொறியாளர்களும் முதுகலைப் பட்டதாரிகளும் இருந்தனர். நாளேடுகள் அதை வேலையில்லாத் திண்டாட்டத்தின் செய்தியாக எழுதின. சரிதான். ஆனால் 21ஆம் நூற்றாண்டில் ஓர் அரசுப் பதவிக்குச் சாதியின் பெயர் எப்படி வந்தது என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் அமுங்கிப்போனது. நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்றதும் பட்டதாரிகள் வரிசையில் நின்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தீட்டு என்று சொன்னது வேலையை அல்ல, அந்த வேலையைக் கூலியில்லாமல் செய்தவரைத்தான்.

காகிதத்தின் வழி

உடலிலிருந்து உண்மையை எடுக்கும் ஏற்பாடும் காலனியக் காலத்தில்தான் உருவானது. 1849இல் சென்னையில் அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் அமைந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. நஞ்சால் இறந்தாரா என்று கண்டறிய உடல் உறுப்புகள் அங்கே அனுப்பப்பட்டன. இன்றைய தடய அறிவியல் துறையின் வேர் அதில் இருக்கிறது. 1920இல் மோடி எழுதிய சட்ட மருத்துவ நூல் வெளிவந்தது. இன்றும் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

சந்தேக மரணம் நிகழ்ந்தால் காவல்துறை பிரேத விசாரணை செய்ய வேண்டும் என்பது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 1973இல் புதிய சட்டம் வந்தபோதும் எண் மாறவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194ஆம் பிரிவு. எண் மாறினாலும் ஒரு நிபந்தனை நீடிக்கிறது: அக்கம்பக்கத்தில் வசிக்கும் மதிப்புக்குரியவர்கள் இருவரோ அதற்கு மேலோ உடனிருக்க வேண்டும். மாணவத் தோழர்கள் இந்தச் சொல்லின் மேல் கொஞ்சம் நிற்க வேண்டும். சேரியில் ஒரு பெண் தூக்கில் தொங்குகிறாள். ஊரில் மதிப்புக்குரியவர் யார் என்று தீர்மானிப்பவர் யார்? பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போட வரும் அந்த இருவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? வழக்கின் முதல் காகிதத்திலேயே ஊரின் அதிகாரம் உட்கார்ந்துகொள்ள ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறது.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1828இல் எடின்பரோவில் உடற்கூறியல் ஆசிரியருக்குப் பிணம் விற்க இருவர் 16 பேரைக் கொன்ற செய்தி வெளியானது. அதன் பின் 1832இல் பிரிட்டன் உடற்கூறியல் சட்டத்தை இயற்றியது. ஏழை இல்லங்களில் இறந்து, உரிமை கோர ஆளில்லாத உடல்கள் மருத்துவப் பள்ளிகளுக்குப் போயின. அந்த வழியில் 1951இல் சென்னை மாகாணமும் உடற்கூறியல் சட்டத்தை இயற்றியது. மருத்துவக் கல்விக்கு உடல் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உரிமை கோராத உடல் என்ற சொல்லைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். நடைபாதையில் இறந்தவர், வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளி, குடும்பத்துக்குத் தகவல் போகாமலே போனவர் என இவர்களைத் தேடிப்போக யாரும் இல்லை. தேடாத உறவைவிட, தேடாத அரசே இங்கு அதிகம்.

ஒரு நாளின் ஒழுங்கு

பிணவறையின் ஒரு நாள் எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் செயல்பாட்டாளர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது தெரியாமல் பிணவறை வாசலில் போராடுவது பாதிப் போராட்டம்தான்.

உடல் வந்ததும் பேரேட்டில் பதிய வேண்டும். வந்த நேரம், கொண்டுவந்த காவலர், காவல் நிலையம், குற்ற எண், உடலில் இருந்த ஆடை, நகை எல்லாம் அதில் வர வேண்டும். காலில் அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். பிறகு உடல் 4 டிகிரி அளவில் குளிரூட்டிய பெட்டிக்குள் போகும். பிரேத விசாரணை அறிக்கையும் மருத்துவருக்கான கோரிக்கைக் கடிதமும் வந்த பிறகே உடற்கூறாய்வு தொடங்கும். வெளிக்காயங்களை அளந்து எழுதிய பின் தலை, மார்பு, வயிறு ஆகிய மூன்று அறைகளையும் திறந்து பார்க்க வேண்டும். நஞ்சுச் சந்தேகம் இருந்தால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளைப் பூரிதமான உப்புக் கரைசலில் போட்டு, முத்திரையிட்டு, காவலர் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். திசு ஆய்வுக்குப் போவது பார்மலினில் போகும். இரண்டும் மாறினால் ஆய்வு கெடும். முத்திரை உடைந்திருந்தால் நீதிமன்றத்தில் வழக்கு உடையும். கடைசியில் உடலைத் தைத்து, கழுவி, துணி சுற்றி, உறவினர் அடையாளம் காட்டிக் கையெழுத்திட்ட பின் ஒப்படைக்க வேண்டும்.

இதை மேற்பார்க்கும் பொறுப்பு மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவத் துறைத் தலைவருக்கும், மற்ற மருத்துவமனைகளில் நிலைய மருத்துவ அலுவலருக்கும் பணி மருத்துவருக்கும் வருகிறது. ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது? இரவு 2 மணிக்கு விபத்தில் இறந்தவரைப் பெட்டிக்குள் வைப்பவர் யார்? எந்தப் பெட்டியில் யார் இருக்கிறார் என்று பேரேட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர் யார்? பிணவறை உதவியாளர்தான். பல மருத்துவமனைகளில் அந்தப் பெயரில் பதவிகூட நிரப்பப்படுவதில்லை. தூய்மைப் பணிக்கு எடுத்தவரை, அதிலும் ஒப்பந்தக்காரரின் ஆளை, அங்கே நிறுத்துகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்த அவையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உடற்கூறாய்வை மருத்துவரே செய்ய வேண்டும் என்பது பாடநூல். மருத்துவர் தள்ளி நின்று சொல்ல, உதவியாளர் திறந்து காட்டுவது பல இடங்களில் நடைமுறை. மண்டையோட்டை மூளை கிழியாமல் திறப்பது கைப்பழக்கத்தில் வரும் நுட்பம். மூத்த உதவியாளரின் கையைப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்ட மருத்துவர்கள் உண்டு. அந்த நுட்பத்துக்குச் சான்றிதழ் இல்லை, பதவி உயர்வு இல்லை, அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. பிரிட்டனில் இதே வேலைக்குத் தனிப் படிப்பும் தொழில்நுட்பர் என்ற பெயரும் இருக்கின்றன. இங்கே கையுறை கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற பதில்தான். காசநோயும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கத்திக் கீறல் வழியாகவும் காற்று வழியாகவும் வரக்கூடிய இடம் அது. பார்மலின் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். 2013ஆம் ஆண்டுக் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் இவர்களைத் தொடுவதில்லை. அந்தச் சட்டத்தின் வரையறை மனிதக் கழிவோடு நின்றுவிடுகிறது.

குடித்துவிட்டு வேலை செய்கிறார்கள், காசு கேட்கிறார்கள் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளை எல்லோரும் சொல்வார்கள். நாம் இவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அழுகிய உடலோடு பாதுகாப்பில்லாமல் ஒரு மனிதரை அடைத்து வைத்துவிட்டு, அவர் குடிப்பதை அவருடைய சாதியின் குணம் என்பது பழைய தந்திரம். காசு விஷயம் இன்னும் கசப்பானது. பிணத்தைச் சுற்றும் துணிக்கு என்று கேட்கும் பணத்தைக் கொடுப்பவரும் பெரும்பாலும் ஏழைதான், நம்மவர்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கிறாள். கால் பணமும் முழத்துண்டும் அரசு மருத்துவமனைக்குள் வேறு பெயரில் உயிரோடு இருக்கின்றன. அன்று அது வழக்கம், இன்று அது லஞ்சம். அன்றும் இன்றும் அந்த வேலைக்கான முழுக் கூலியை உரியவர் தரவில்லை. உதவியாளரின் கை தாயிடம் நீள்வது தவறு என்று சொல்வோம். அந்தக் கையை நீள வைத்த அரசை விட்டுவிட்டு அதைச் சொல்ல மாட்டோம்.

உடலை வாங்க மாட்டோம்

இதே அறையின் வாசலில்தான் நம் போராட்டங்களின் பெரும்பகுதி நடந்திருக்கிறது.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணி மீது தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அடிபட்டா, நீரில் மூழ்கியா என்ற கேள்வி அன்று முதல் எழுந்தது. அரசு அமைத்த விசாரணை ஆணையம் மூழ்கியதையே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணமாகச் சொன்னது. எதற்குப் பயந்து ஆற்றில் இறங்கினார்கள் என்பதை எந்த உடற்கூறாய்வும் சொல்லாது. உடல் பேசும், உடல் மட்டும் எல்லாவற்றையும் பேசாது.

2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். முதல் உடற்கூறாய்வை ஏற்க மறுத்து நீதிமன்றம் போனோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து மறு ஆய்வு செய்தார்கள். ஜூலை 14 அன்றுதான் அவர் மண்ணுக்குப் போனார். தற்கொலை என்றே பின்னர் விசாரணை ஆணையம் சொன்னது. 2015 ஜூன் 24 அன்று பள்ளிபாளையம் அருகே கோகுல்ராஜும் ரயில் பாதையில்தான் கிடைத்தார். தற்கொலைக் கடிதமும் இருந்தது. சந்தேக மரணம் என்று பதிவான அந்த வழக்கு உடற்கூறாய்வுக்குப் பிறகே கொலை வழக்காக மாறியது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ரயில் ஏறிச் சிதைந்த உடலில், ரயில் ஏறுவதற்கு முன்பே நடந்ததைப் படிக்க முடிந்தது. அப்படிப் படிக்க ஓர் ஒழுங்கான மேசையும், அவசரப்படாத கண்ணும், பழகிய கையும் வேண்டும்.

நீதிமன்றத்தில் பணத்தோடும் வழக்கறிஞர் படையோடும் மோத முடியாத மக்களிடம் கடைசியாக எஞ்சுவது இறந்தவரின் உடல் மட்டுமே. குற்றவாளியைக் கைது செய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதி, பிறகு உடலை வாங்குகிறோம் என்று சொல்லும் போராட்ட முறையை நம் மக்கள் கண்டுபிடித்தார்கள். நாள் கடந்து உடல் கெடும் என்று தெரிந்தே, ஈமச் சடங்கை ஒத்திவைத்து, மருத்துவமனை மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருப்பது எளிதான செயல் அன்று. பிணத்தைத் தூக்குவதையே கடமையாக விதிக்கப்பட்ட மக்கள், தம் பிணத்தைத் தூக்க மாட்டோம் என்று சொல்வதில் உள்ள அரசியலைக் கவனிக்க வேண்டும்.

இந்த வழியும் இப்போது அடைபடுகிறது. 2023இல் ராஜஸ்தான், இறந்த உடலுக்கு மரியாதை என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. உடலை வைத்துப் போராடுவது அங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உயிரோடு இருந்தபோது தராத மரியாதையைச் செத்த பிறகு போராடாமல் இருக்கத் தருகிறார்கள். நாளை இது வேறு மாநிலங்களுக்கும் வரலாம். விழிப்போடு இருக்க வேண்டும்.

நமக்குச் சாதகமான படிகளும் உண்டு. காவல் சாவுகளில் உடற்கூறாய்வைப் படம்பிடிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995இல் மாநிலங்களைக் கேட்டது. 1997இல் மாதிரி அறிக்கைப் படிவமும் கொடுத்தது. இரவில் நடக்கும் உடற்கூறாய்வைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பரில் ஒன்றிய அரசு, வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் ஆய்வு செய்யலாம் என்றது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேகத்துக்கு இடமான மரணம் ஆகியவற்றை, சட்டம் ஒழுங்குக் காரணம் இருந்தாலொழிய, இரவில் செய்யக் கூடாது. சட்டம் ஒழுங்கு என்ற அந்த விதிவிலக்குத்தான் நம் தெருக்களின் சாவுக்கு முதலில் பொருத்தப்படும். அதை எழுத்தில் கேளுங்கள்.

பெயர் எழுதும் பத்தி

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார். நாடே அதிர்ந்தது; அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மருத்துவரை நாம் வணங்குகிறோம். அந்த இரவில் அவரோடு குழியருகே நின்ற மருத்துவமனை ஊழியர்களையும் சேர்த்தே வணங்குகிறோம். அந்த ஆண்டு முழுவதும் உறையிட்ட உடல்களைத் தூக்கியவர்களின் பெயர்களை எத்தனை பேர் சொல்ல முடியும்? மருத்துவர் மண்ணைத் தொட்டது செய்தியானது. நாள்தோறும் தொட்டவர்கள் அப்போதும் செய்தியாகவில்லை.

ஆகவே சில கோரிக்கைகளை இந்த மேடையிலிருந்து முன்வைக்கிறோம். பிணவறைப் பணி முழுநேர, நிரந்தரப் பதவியாக வேண்டும். அதற்குப் படிப்பும் சான்றிதழும் தொழில்நுட்பர் என்ற பெயரும் வேண்டும். எந்தச் சாதிப் பெயரும் எந்த மாநிலத்திலும் அந்தப் பதவியில் ஒட்டியிருக்கக் கூடாது. நியமனம் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும். தடுப்பூசி, பாதுகாப்பு உடை, காற்றோட்டம், நோய்க்கான இழப்பீடு ஆகியவை சலுகைகளாக அல்லாமல் விதிகளாக வேண்டும். பிணத்துணிக்கும் வண்டிக்கும் அரசே செலவிட்டு, அந்தச் செய்தியைப் பிணவறை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். உடற்கூறாய்வு அறிக்கையில் மருத்துவரின் கையெழுத்துக்குக் கீழே, உடலைத் திறக்க உதவியவரின் பெயரும் பதவியும் வர வேண்டும்.

கடைசிக் கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். வழக்குக்கு அது அவசியம். யார் கை பட்டது என்று எழுதாத ஆய்வில், பிழையும் திருத்தலும் எங்கே நடந்தன என்று கேட்க முடியாது. எழுதப்பட்டால் அவர் சாட்சியாவார். சாட்சி என்றால் மிரட்டல் வரும், அதற்குப் பாதுகாப்பும் சட்டப்படி தர வேண்டும். ஏவலுக்கு நின்றவர், பொறுப்புள்ள தொழிலாளியாக நீதிமன்றத்தின் முன் நிற்பார்.

மாணவத் தோழர்கள் சட்ட மருத்துவத்தையும் பிணவறை நிர்வாகத்தையும் பாடமாக எடுத்துப் படிக்க வேண்டும். நம்மில் மருத்துவர்களும் தடய அறிவியலாளர்களும் இன்னும் பெருக வேண்டும். செயல்பாட்டாளர்கள் ஒரு சாவு என்று கேள்விப்பட்டதும் முழக்கத்தோடு கேள்விகளையும் கொண்டுபோக வேண்டும்: பேரேட்டில் எத்தனை மணிக்குப் பதிந்தார்கள், பஞ்சாயத்தார் யார், படம் எடுத்தார்களா, உள்ளுறுப்புகள் எந்தத் தேதியில் ஆய்வகம் போயின. உள்ளே வேலை செய்யும் தோழரை எதிரியாகப் பார்க்காமல் பேசிப் பாருங்கள். அவருக்கும் நமக்கும் வரலாறு ஒன்றுதான்.

பூர்வத் தமிழர் என்று பேரேட்டில் எழுதுங்கள் என்று பண்டிதர் அரசைக் கேட்டு ஒன்றரை நூற்றாண்டை நெருங்குகிறது. பிணவறையின் பேரேட்டில் இன்னும் ஒரு பத்தி போடப்படவில்லை. அதைப் போட வைக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம்.

ஜெய் பீம்.